பேச்சியோட பாட்டு நின்னுச்சுன்னு நான் ஊதின விசில்

பிள்ளைகளா, முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாப்போட நிறுத்தினவ. அந்த அஞ்சுலயும் கடலை பிடுங்கப் போன நாளைக் கழிச்சா நாலுதான் தேறும். இப்போ மறதியும் சேந்துருச்சு. ஒரு பேரைச் சொல்ல வந்து இன்னொரு பேரைச் சொல்லுதேன். பொறுத்துக்கோங்க.

இந்த வருசம் கபடி அம்பயர் பரிட்சையில பாசான உங்களுக்கு நான் மேடையேறி நாலு வார்த்தை பேசணும்னு நம்ம அம்பயர் சங்கத்து ஆளுக கேட்டாக. மேடைன்னா எனக்குக் கால் நடுங்கும். இருபது வருசமா கூட்டத்துக்கு நடுவுல நின்னு விசில் ஊதினவளுக்கு மேடையில என்ன பயம்னு கேக்காதீக. விசில் வாயில இருந்தா பேச வேண்டியதில்ல. அந்த வசதிக்காகத்தான் நான் அம்பயராவே ஆனேன். அதனால எழுதியே தாரேன்.

தலைப்பையும் அவுகளே குடுத்துட்டாக. "தீர்ப்பின் தரத்தை உயர்த்துதலும் ஒரே சீராகத் தீர்ப்பு வழங்குதலும்." இதை எழுத்துக்கூட்டிப் படிக்கவே எனக்கு ரெண்டு மூச்சு வேண்டியிருந்துச்சு. விதி என்ன சொல்லுதுன்னு நான் எழுதப் போறதில்ல. உங்களுக்கு அது மனப்பாடம். நான் எழுத்துப் பரிட்சையில மூணு தடவை தோத்து நாலாந் தடவை தப்பிச்சவ. எனக்கு நல்லாத் தெரிஞ்சது நான் செஞ்ச ஒரு அநியாயம். அதை எழுதுதேன்.

அதுக்கு முந்தி, நம்ம ஆளுக எப்படியெல்லாம் விசில் ஊதுவாகன்னு சொல்லிருதேன். நீங்க நாளைக்கு அவுக பக்கத்துலதான் நிக்கப் போறீக. ஒருத்தர் இருப்பாரு, கால் கோட்டுல பட்டுச்சான்னு கோட்டைப் பாக்க மாட்டாரு, கூட்டத்தைப் பாப்பாரு. எந்தப் பக்கம் சத்தம் கூடுதலோ அந்தப் பக்கம் கை தானா நீளும். இன்னொருத்தர் காலையில மயிரிழையையும் விடமாட்டாரு, மத்தியானம் பிரியாணி முடிச்சு வந்தாருன்னா ஆனையே கோட்டைத் தாண்டினாலும், "பரவால்ல, ஆடுங்கம்மா"ம்பாரு. சிறப்பு விருந்தினர் கார் வந்துருச்சுன்னா ஆட்டத்தை எப்படியாச்சும் முடிச்சுவைக்கிற ஆளும் உண்டு.

இவுகளையெல்லாம் பாத்து நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே இருந்தேன். நான் இவுக எல்லாரையும்விட மோசமான வகைங்கிறது சிவகாசியில ஒரு தைப் பொங்கல் சமயத்து மத்தியானம்தான் தெரிஞ்சுச்சு.

பொம்பளைப் பிள்ளைகளுக்கான கம்பெனி டீம் கபடி, இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பட்டாசுக் கம்பெனி டீம், எதிர்ப்பக்கம் அச்சாபீஸ் டீம். இப்போ இருக்கிற மாதிரி மெத்தைத் தளமெல்லாம் அன்னைக்கு இல்ல. செம்மண் தரை, சுண்ணாம்புக் கோடு. நான் ஒரு பக்கத்து அம்பயர். எங்களுக்கெல்லாம் மேல இருக்கிற நடு ரெப்ரி எங்க பி.டி. சார். பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா இருந்ததால அப்படிக் கூப்பிடுவோம். ஸ்கோர் எழுத விருதுநகர்ல பருப்புக் கடை வச்சிருந்த ஒரு பாய் வந்திருந்தாரு. ஆட்டத்துல அவருக்குப் பிரியமும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. கடையில சரக்கு இறங்குனா எழுதுற மாதிரி எழுதுவாரு.

அன்னைக்கு வெயிலும் கூட்டமும் போக இன்னொருத்தரும் வந்திருந்தாரு. டிவியில காட்டுற லீக் ஆட்டத்துக்குப் பொம்பளை டீம் ஒண்ணு சேக்குதாக, அதுக்கு ஆள் எடுக்க மதுரையில இருந்து வந்திருந்த தேர்வாளர். யாரைப் பாக்க வந்திருக்காருன்னு எல்லாருக்கும் தெரியும். பட்டாசுக் கம்பெனி டீமோட பேச்சியம்மாள். சாத்தூர் பக்கத்துப் பிள்ளை. கம்பெனி வேன்ல வந்து புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. பாடிப் போனான்னா, அதாவது மூச்சு விடாம "கபடி கபடி"ன்னு சொல்லிக்கிட்டே எதிரி எல்லைக்குள்ள போனான்னா, வெறுங்கையோட திரும்ப மாட்டா. அவ கையில எப்பவும் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும். அச்சாபீஸ் பிள்ளைக அவளைக் கேலி பண்ணுறதும் அந்த வேலையை வச்சுத்தான்.

"ஏட்டி, வெள்ளிக்கைக்காரி வாரா! பிடிச்சீகன்னா கையில ஒட்டிக்கிருவா!"

"ஒட்டுனா கழுவிக்கிரலாம்டி. ஒன் மூஞ்சியில இருக்கிற மையை எப்படிக் கழுவுவ?"ன்னு இவ திருப்பிக் குடுப்பா.

ஆட்டத்துக்கு முந்தி நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பொன்னாடை. ரெண்டு கம்பெனி முதலாளிகளும் மைக்குல பேரைச் சொல்லி எங்க ஒவ்வொருத்தருக்கும் போத்துனாக. பட்டாசு முதலாளி போட்டது சரிகை வச்ச சால்வை. முழங்கால் வரைக்கும் தொங்குச்சு. அச்சாபீஸ் முதலாளி போட்டது ஒரு துண்டு. குளிச்சுட்டுத் துவட்டுறோம்ல, அது. பி.டி. சார் சரிகை சால்வையை நாலா மடிச்சுப் பைக்குள்ள வச்சாரு. துண்டை வச்சு வேர்வையைத் துடைச்சாரு. கூட்டம் முழுக்க அதைப் பாத்துச்சு.

நான் ரெண்டையும் கழட்டி ஸ்கோர் மேசையில வச்சேன். எனக்கு அதுல கிடைக்கிறது ஒண்ணுமில்லன்னு நினைச்சேன். சால்வைக்கு விலை போறவ நான் இல்லங்கிற திமிரு. அந்தத் திமிருதான் என்னைக் கவுத்துச்சு.

முதல் பாதியில பேச்சி பாடிப் போயி, எதிரி எல்லையில தாண்டுனா கூடுதல் புள்ளி கிடைக்கிற போனஸ் கோட்டுக்கு நேரா காலை நீட்டுனா. வெயில் எதிர்க்க அடிக்கி. கால் கோட்டைத் தாண்டுன மாதிரி இருந்துச்சு. ஊதிட்டேன். போனஸ் ஒரு புள்ளி.

அச்சாபீஸ் பக்கம் குதிச்சாக. ஒரு குரல் நல்லாக் கேட்டுச்சு. "ஏ அக்கா! சால்வை கனமா இருக்கோ?"

கூட்டம் சிரிச்சுச்சு. இன்னொருத்தன், "அக்காவுக்குக் கண்ணுல சரிகை குத்துதுடே!"ன்னான். மறுபடியும் சிரிப்பு.

இடைவேளையில தண்ணி குடிக்கப் போற மாதிரி அந்தப் பக்கமாப் போனேன். மண்ணு பொய் சொல்லாதுல்ல. பேச்சியோட கால் தடம் கோட்டுக்கு இந்தப் பக்கமே நாலு விரக்கடை தள்ளி நின்னுச்சு. கோட்டுச் சுண்ணாம்பு கலையவே இல்ல. நான் குடுத்தது தப்பு.

அப்போ நான் என்ன செஞ்சிருக்கணும்? பி.டி. சார்கிட்டப் போயி, "சார், அந்தப் போனஸ் தப்பாக் குடுத்துட்டேன், வெயில் மறைச்சுச்சு, என்னை எதிர்ப்பக்கம் மாத்துங்க"ன்னு சொல்லியிருக்கணும். புள்ளியைத் திருப்ப முடியாது. ஆனா என்னைத் திருப்பியிருக்கலாம். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? யாரும் பாக்காத நேரத்துல செருப்புக் காலால அந்தத் தடத்தைத் தேச்சு அழிச்சேன்.

ரெண்டாம் பாதி முழுக்க என் கண்ணு ஆட்டத்துல இல்ல. அந்த ஒரு புள்ளி அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. திருப்பிக் குடுக்கணும், திருப்பிக் குடுத்தாத்தான் சால்வைப் பேச்சு அடங்கும். இதைத்தான் நம்ம ஆளுக சரிக்கட்டுறதும்பாக. ஒரு பக்கம் தப்பாக் குடுத்தா மறுபக்கமும் தப்பாக் குடுக்கிறது. ரெண்டு தப்பு குடுத்துட்டு, "நான் நடுநிலை"ன்னு நெஞ்சை நிமித்திக்கிறது. இதை ஏதோ தர்ம காரியம் மாதிரிப் பேசுவாக. உங்ககிட்டயும் டீ குடிக்கிறப்போ ரகசியமாச் சொல்லிக் குடுப்பாக.

கடைசி ரெய்டு, அதாவது கடைசியாப் பாடிப் போற முறை, வந்துச்சு. அச்சாபீஸ் ஒரு புள்ளி முன்னால. பேச்சி பாடிப் போனா. ஓரத்துல நின்னவளைத் தொட்டா. திரும்புறதுக்குள்ள இன்னொருத்தி கணுக்காலைப் பிடிச்சுட்டா. கீழ விழுந்தா. விழுந்தவ விடல, பாடிக்கிட்டே முழங்கையால மண்ணை அளந்து அளந்து நடுக்கோட்டைப் பாத்து இழுத்துக்கிட்டு வாரா. மூணடி தள்ளித்தான் நான் நிக்கேன். கபடி, கபடி, கபடின்னு அந்தப் பாட்டு என் காதுல விழுது. அவ கை நீண்டுச்சு. விரல் கோட்டுல விழுந்துச்சு. தொட்டவளுக்கும் பிடிச்சவளுக்கும் சேத்து ரெண்டு புள்ளி, ஆட்டம் பட்டாசுக் கம்பெனிக்கு.

நான் விசிலை ஊதி, கையை அச்சாபீஸ் பக்கம் நீட்டினேன். பேச்சி அவுட்டு.

ஒரு நிமிசம் ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. பாய் ஸ்கோர் மேசையில இருந்து பேனாவைத் தூக்கிக்கிட்டு, சத்தமாவும் இல்லாம மெதுவாவும் இல்லாம கேட்டாரு. "அக்கா, எதுக்கு?"

அம்புட்டுத்தான் கேட்டாரு. அவருக்குக் காரணம் எழுதணும். எங்கிட்டக் காரணம் இல்ல. விசில் ஊதியாச்சு, காரணம் இனிமேதான் தேடணும். பேச்சி மண்ணுல கிடக்கா, அவ விரல் நுனியில சுண்ணாம்பு வெள்ளையா இருக்கு. அதனால கோட்டைத் தொடலன்னு சொல்ல முடியாது. ஓரக் கோட்டுக்கு வெளிய போகவுமில்ல. மண்ணுல தடம் விழாத காரியம் எது, யாரும் வந்து குனிஞ்சு பாக்க முடியாதது எதுன்னு என் புத்தி அந்த ஒரு நொடியில தேடுச்சு பாருங்க, வேற எதுக்கும் அது அம்புட்டு வேகமா வேலை பாத்ததில்ல.

"பாட்டு நின்னுருச்சு"ன்னேன்.

பேச்சி தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. "அக்கா, நான் நிறுத்தலக்கா"ன்னா. அதைச் சொல்லக்கூட அவளுக்கு மூச்சு மிச்சம் இருந்துச்சு.

பாய் என்னை ஒரு தடவை பாத்தாரு. எழுதினாரு. பி.டி. சார் ஒரு கண்ணால என்னையும் ஒரு கண்ணால, பரிசு குடுக்க வந்திருந்த சிறப்பு விருந்தினரையும் பாத்தாரு. விருந்தினர் கடிகாரத்தைப் பாத்தாரு. "அம்பயர் முடிவே முடிவு"ன்னு பி.டி. சார் நீளமா ஊதிட்டாரு. பட்டாசுக் கம்பெனிப் பக்கம் ஒரு ஆள் எந்திரிச்சு, "ஏ கிழவி! நாங்க போட்ட சால்வையைத் திருப்பிக் குடு!"ன்னு கத்தினான். அப்புறம் எங்க ஆத்தா வரைக்கும் போனான். எனக்கு அது சந்தோசமாக்கூட இருந்துச்சு. பாத்தீகளா, ரெண்டு பக்கமும் திட்டுதாக, அப்போ நான் நடுநிலைதானேன்னு. இந்த முட்டாள்தனத்தை நம்மள்ல பாதிப் பேர் இன்னைக்கும் பெருமையாச் சொல்லுதாக. ரெண்டு பக்கமும் திட்டுதாகன்னா ரெண்டு பக்கமும் தப்பு பண்ணியிருக்கோம்னும் இருக்கலாம்லா?

போகையில அந்தத் தேர்வாளர் பி.டி. சார்கிட்டப் பேசிக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு.

"வேகம் இருக்கு, பிடி விடாம இழுக்கிற பலம் இருக்கு. மூச்சு பத்தாது சார். கடைசி ரெய்டுல பாட்டு நிக்கிற பிள்ளையை வச்சு லீக் ஆட முடியாது."

"மருந்துல வேலை பாக்குறவுகளுக்கு மூச்சு எங்கன சார் இருக்கும்"ன்னாரு பி.டி. சார்.

தேர்வாளர் காகிதத்துல அவ பேரு மேல ஒரு கோடு போட்டாரு. நான் பையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். நான் குடுத்தது ஒரு புள்ளி. ஆனா காரணம்னு ஒண்ணு சொன்னேன்ல, அது புள்ளியை விட்டுட்டு அந்தப் பிள்ளை கூடவே போச்சு. பேச்சிக்கு நெஞ்சுல மருந்துப் பொடி இறங்கிருச்சுன்னு சிவகாசி முழுக்கப் பேச்சு. அடுத்த ரெண்டு போட்டியில அவ டீம்லயே அவளைக் கடைசி ரெய்டுக்கு அனுப்பல. எனக்கு எல்லாம் காதுக்கு வந்துச்சு. நான் வாயைத் திறக்கல. கூச்ச சுபாவம்னு எல்லாரும் சொல்லுவாக. கூச்சமெல்லாம் இல்ல. பயம்.

ஆடி கழிஞ்சு விருதுநகர்ல ஒரு கல்யாண மண்டபத்துல அம்பயர்களுக்கெல்லாம் ஒருநாள் வகுப்பு வச்சாக. பொருள் இதேதான், ஒரே சீரான தீர்ப்பு. பி.டி. சார்தான் வகுப்பு எடுத்தாரு. சும்மா சொல்லக் கூடாது, ஒரு காரியம் நல்லாச் செஞ்சாரு. காலையில திரையில ஒரு போனஸ் ரெய்டைக் காட்டி, "போனஸ் உண்டுங்கிறவுக கை தூக்குங்க"ன்னாரு. முக்காவாசிப் பேர் தூக்குனாக. மத்தியானம் சாப்பிட்டு வந்த பிறகு, சொல்லாமக் கொள்ளாம அதே ரெய்டை மறுபடியும் காட்டுனாரு. பாதிப் பேர்கூடத் தூக்கல. காலையில தூக்குனவுகளே, "இது போனஸா, யாருய்யா இதுக்குக் குடுப்பா?"ன்னு சிரிச்சாக. ரெண்டும் ஒண்ணுதான்னு அவர் சொன்னதும் ஒருத்தர் எந்திரிச்சு, "சார், காலையில வெளிச்சம் வேற மாதிரி இருந்துச்சு"ன்னாரு. திரைக்குள்ள இருக்கிற ஆட்டத்துக்கு மண்டபத்து வெளிச்சம் என்ன பண்ணும்? அவர் இன்னைக்கு நமக்கெல்லாம் மூத்தவரா இருக்காரு. பேரு வேண்டாம்.

அடுத்து பி.டி. சார், "இப்போ ஒரு நல்ல தீர்ப்புக்கு எடுத்துக்காட்டு"ன்னாரு. திரையில செம்மண் தரை, சுண்ணாம்புக் கோடு. பேச்சி. யாரோ ஓரத்துல உக்காந்து செல்போன்ல எடுத்தது. நான் குடை ஒடிஞ்ச மாதிரி உக்காந்திருக்கேன்.

"பாருங்க, கடைசி ரெய்டு, ரெண்டு பக்கமும் கத்துது. அக்கா ஒரு நொடி தயங்கினாகளா? அக்கா, எந்திரிங்க. எல்லாரும் கை தட்டுங்க."

கை தட்டினாக. எந்திரிச்சேன். வழக்கமா அப்படியே உக்காந்துருவேன். அன்னைக்கு உக்கார முடியல.

"சார், சத்தம் வைங்க"ன்னேன்.

"என்னக்கா?"

"படத்துல சத்தம் இல்ல சார். சத்தம் வைங்க."

அவர் சிரிச்சாரு. "சத்தம் இருக்குக்கா, நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். கூட்டத்துல கெட்ட வார்த்தையாப் பேசுதாக. உங்களைத்தான் திட்டுதாக. பொம்பளைக இருக்கிற இடம்."

"என்னைத்தானே திட்டுதாக. நான் ஒரு தடவை கேட்டதுதான். வைங்க."

வச்சாரு. முதல்ல ஒரே இரைச்சல். அதுக்குள்ள, போன் வச்சிருந்த பிள்ளை கோட்டுக்குப் பக்கத்துலயே இருந்ததால, பேச்சியோட குரல் கேட்டுச்சு. கபடி, கபடி, கபடி. விரல் கோட்டுல விழுற வரைக்கும் கேட்டுச்சு. விசில் கேட்ட பிறகும் ரெண்டு தடவை கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் அந்த ஆளு எங்க ஆத்தாளைப் பத்திப் பேசினது.

நான் சொன்னேன். "பாட்டு நிக்கல. எனக்கு அன்னைக்கே தெரியும். முதல் பாதியில தப்பாக் குடுத்ததைச் சரிக்கட்டுறதுக்கு ஊதினேன். பாய் காரணம் கேட்டாரு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

நம்ம ஆளுக அதுக்கு என்ன சொன்னாகங்கிறீக? அதைத்தான் நீங்க தெரிஞ்சுக்கிடணும். ஒருத்தர், "முடிவு முடிவுதான், இதையெல்லாம் கிளறக் கூடாது"ன்னாரு. ஒருத்தர், "அந்தப் போனஸையும் கழிச்சா பட்டாசுக் கம்பெனி ஜெயிச்சிருக்காது, அப்போ கணக்கு நேராப் போச்சுல்ல"ன்னாரு. இன்னொருத்தர் அந்தப் பிள்ளை பாவம்னு சொல்லல, "அக்கா, இப்படி வெளிய சொன்னா நாளைக்கு எங்க எல்லாரையும்ல சந்தேகப்படுவான்?"னாரு. சந்தேகப்படட்டும்னுதானே அய்யா சொல்லுதேன்? பாய் மட்டும் பின்வரிசையில இருந்து ஒரு வார்த்தை கேட்டாரு. "அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லியாச்சா?"

சொல்லல. மறுநாள் போனேன். சாத்தூர்ல இருந்து இருக்கன்குடி போற ரோட்டுல அவ ஊருக்குப் பிரியுற விலக்குல நின்னேன். சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்னுச்சு. பிள்ளைகளோட இறங்குனா. விரலெல்லாம் வெள்ளிப் பொடி.

"என்னக்கா, விசிலோட வந்திருக்கீகளா? நான் இப்போ மூச்சு விடலாமா வேண்டாமா?"ன்னா. கூட வந்த பிள்ளைக சிரிச்சாக.

"ஒண்ணு சொல்லணும் தாயி. அன்னைக்கு நீ பாட்டை நிறுத்தல."

சிரிப்பு போயிருச்சு. "என்ன சொன்னீக?"

"நிறுத்தல. எனக்குக் கேட்டுச்சு. நான் பொய் சொன்னேன்."

அவ வேன் படியில உக்காந்துட்டா. டிரைவர் ஆரன் அடிச்சாரு. "இருங்கண்ணே"ன்னு அதட்டுனா. பிறகு என்னைப் பாத்து மெதுவாக் கேட்டா. "நிச்சயமாத்தானா?"

"நிச்சயமா."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயி எக்ஸ்ரே எடுத்தேன்க்கா. ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னாக. நம்பல. எங்கப்பாவுக்கு இளைப்பு உண்டு. எனக்கும் வந்துருச்சுன்னு நினைச்சேன். வீட்டுக்குப் பின்னால நின்னு பாடிப் பாப்பேன். இருபது எண்ணுறதுக்குள்ள பயந்துபோயி நானே நிறுத்திருவேன். நானே நம்பிட்டேன்க்கா."

போனஸ் கதை, சால்வை கதை எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவ கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "போனஸைத் தப்பாக் குடுத்தது நீங்க. நான் கேட்டனா? அதைத் திருப்பி எங்கிட்ட ஏன் பிடுங்குனீக?"ன்னா. நான் முந்தானையால கண்ணைத் துடைச்சேன். "எங்கிட்ட அழுது என்ன பண்ண? மூச்சு பத்தாதுன்னு கோடு போட்டாருல்ல, அந்த ஆள்கிட்டப் போயிச் சொல்லுங்க"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அந்த வருசத்து லீக்குக்கு ஆள் எடுத்து முடிஞ்சிருந்துச்சு. அடுத்த தேர்வு மறு வருசம் மதுரையில. நானே அவளுக்கு ஆள் விட்டுச் சொல்லி, ஒரே பஸ்ஸுல போனோம். அவ முன்னால உக்காந்தா, நான் பின்னால.

உள்மைதானம், பளபளன்னு மெத்தைத் தளம், ஏழெட்டு ஆம்பளைக மேசை போட்டு உக்காந்திருக்காக. அதே தேர்வாளர். பேச்சி பேரைக் கூப்பிட்டதும் அவர் காகிதத்தைப் பாத்து, "இது போன வருசமே பாத்ததுதானே, மூச்சு"ன்னு இழுத்தாரு.

நான் எந்திரிச்சு முன்னால போனேன்.

"ஐயா, அன்னைக்கு ஊதினவ நான். பாட்டு நிக்கல. நான் பொய் சொன்னேன்."

"நீங்க யாரும்மா, அம்பயரா?" அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "அம்பயரே பொய் சொன்னேன்னு சொன்னா, இனிமே உங்களை யார் ஆட்டத்துக்குக் கூப்பிடுவா?"

"அது என் பாடு ஐயா. முதல்ல இவ பாட்டைக் கேளுங்க."

அவர் கைக்கடிகாரத்தைக் கழட்டி மேசையில வச்சாரு. ஒரு ரெய்டுக்கு முப்பது நொடிதான். "எங்க, முப்பது நொடி பாடும்மா, பாக்கலாம்"ன்னாரு. எதிர்ல ஏழு பேரை நிறுத்தினாக. பேச்சி கோட்டைத் தாண்டிப் போயி ஆரம்பிச்சா. பத்து, இருபது. இருபதுகிட்ட அவ கண்ணு ஒரு மாதிரி ஆச்சு. வீட்டுக்குப் பின்னால நின்ன இடம் அதுதான்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. அவ அந்த ஏழு பேரைப் பாக்கல, தேர்வாளரைப் பாக்கல, என்னைப் பாத்தா. என்னைப் பாத்துக்கிட்டே பாடினா. முப்பது ஆச்சு. "போதும்மா"ன்னாரு. நிறுத்தல. "போதும் போதும்"ன்னாரு. நாப்பது போச்சு. அவ பாடிக்கிட்டே நடந்து வந்து, குனிஞ்சு, நடுக்கோட்டை விரலால தொட்டுட்டுத்தான் நிறுத்துனா.

பட்டியல்ல கடைசிப் பேரா, மாத்து ஆட்டக்காரியாச் சேத்தாக. ஒரு வருசம் முந்தி எடுத்திருந்தா முதல் ஏழுல இருந்திருப்பான்னு அந்தத் தேர்வாளரே சொன்னாரு. இப்போ அந்த இடத்துக்கெல்லாம் ஆள் வந்துருச்சு. அந்த ஒரு வருசத்தை எந்த டிவித் திரையில ஓட்டிப் பாத்தாலும் திருப்பிக் குடுக்க முடியாது. இன்னைக்கும் அவ என்னோட அளவாத்தான் பேசுவா. அதுல நான் முறையீடு பண்ணமாட்டேன். அவ குடுத்த தீர்ப்பு சரி.

எனக்கு நம்ம சங்கத்து ஆளுக ஒரு கடிதாசி அனுப்புனாக. என் நீண்ட காலச் சேவையைப் பாராட்டி, உடல்நலத்தை முன்னிட்டு ஒரு சீசன் ஓய்வெடுக்கச் சொல்லி. என் உடம்புக்கு ஒண்ணுமில்ல. பொய் சொன்னதுக்காக ஓய்வுன்னு எழுத அவுகளுக்கே தைரியம் வரல பாருங்க, காரணம் தேடியிருக்காக. அடுத்த சீசன் மறுபடியும் கூப்பிட்டாக. முழங்கால் விடுற வரைக்கும் நின்னேன். அதுக்குப் பிறகும் தப்பு பண்ணினேன், நிறைய. தப்பைத் தப்பாவே விட்டுட்டு அடுத்த ரெய்டைப் பாத்தேன். அம்புட்டுத்தான் நான் கத்துக்கிட்டது.

ஆட்டத்துக்கு முந்திப் பொன்னாடை போடக் கூடாதுன்னு அந்த வகுப்புக்குப் பிறகு தீர்மானம் போட்டாக. சந்தோசப்பட்டேன். மறு வருசம் ரோசாப்பூ மாலை போட்டாக. நீங்க எதைப் போட்டாலும் வாங்கி மேசையில வைங்க, ஆனா வச்சுட்டோம்கிற பெருமையைக் கழுத்துல போட்டுக்கிடாதீக. இப்போ டிவி ஆட்டத்துல திரை இருக்கு, திருப்பிப் போட்டுப் பாக்குதாக, நல்லதுதான். ஆனா உங்கள்ல முக்காவாசிப் பேர் ஊதப் போறது திரை இல்லாத மண்தரையில. அங்கன உங்களுக்கு இருக்கிறதெல்லாம் பாய் கேட்ட அந்தக் கேள்விதான். கையை நீட்டுறதுக்கு முந்தி நீங்களே கேட்டுக்கோங்க, எதுக்குன்னு. ஒரே மூச்சுல பதில் வந்தா ஊதுங்க. தேட வேண்டியிருந்தா விசிலை வாயை விட்டு எடுத்துருங்க.

இதுல நான் எழுதினது எம்புட்டுச் சரின்னு எனக்குத் தெரியல. யார் எத்தனை புள்ளியில நின்னாகங்கிறது மாறியிருக்கும். பேச்சி பாடுனது நாப்பது நொடியா, இன்னும் கூடவான்னு சந்தேகம். மண்டபத்துல எத்தனை பேர் கை தூக்குனாகன்னு பி.டி. சார் குறிச்சு வச்சிருப்பாரு, வாங்கிப் பாருங்க. உங்கள்ல யாராவது ஒருத்தர் உக்காந்து எல்லாத்தையும் சரிபாத்து, தப்பு இருந்தா திருத்தி அச்சுக்குக் குடுங்க. பேச்சியோட பாட்டு நிக்கலன்னு எழுதியிருக்கேன்ல, அதையும் நான் சொன்னேன்கிறதுக்காக நம்பிராதீக. அந்தப் படம் இப்போவும் இருக்கு. போட்டுப் பாருங்க, சத்தத்தோட.